சிவப்புப் பொட்டு வைத்த மூடி

ஆறு மணிக்கு அலாரம் அடித்தது. அவன் கையை நீட்டி நிறுத்தினான். பாலை அடுப்பில் வைத்துவிட்டுப் பல் தேய்த்தான். இரண்டு காபி கலந்தான். ஒன்றில் சர்க்கரை, ஒன்றில் இல்லை. சட்டையை இஸ்திரி போட்டான். காலர் பட்டன் ஒன்று தளர்ந்திருந்தது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டான்.

ஆறரைக்கு மனைவி எழுந்து வந்தாள். தலைமுடியைச் சுருட்டி ஒரு பென்சிலைச் செருகிக்கொண்டு ஜன்னலோரத்து மேசை முன் உட்கார்ந்தாள்.

"தலைவலி போச்சா?"

"எங்க போகும்? இங்கதான் இருக்கு." அவள் மேசையைப் பார்த்தாள். "யாரு இது மேசையத் தொடச்சு வச்சது?"

"இன்னொருத்திய வச்சிருக்கேன்."

"அவளையே வச்சுக்கோங்க. சுத்தமா தொடைக்கிறா."

நாற்பது அட்டைகள் வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள். ஒரு கல்யாண வீட்டுக்காரர்கள் கேட்டிருந்தார்கள். ஒவ்வொன்றிலும் மூன்று பூ. அழிரப்பரைக் கத்தியால் செதுக்கி அவளே செய்த அச்சு. ஐந்து இதழ், நடுவில் சிறு புள்ளிகள். என்ன பூ என்று அவன் ஒருமுறை கேட்டதற்கு, "எனக்கு மட்டும் பூக்கிற பூ" என்றிருந்தாள். முதலில் கறுப்பு மையில் கோட்டை அச்சிட வேண்டும். முடி உலர்த்தும் மிஷினால் காய வைக்க வேண்டும். பிறகு இதழுக்குள் வெறும் தண்ணீரைத் தடவி, அந்த ஈரத்தில் வண்ணத்தைத் தொட்டு வைத்தால் அது தானாகப் பரவும். ஒரு நாளைக்குப் பத்து அட்டை முடிந்தால் பெரிது. அவன் வேலை பார்க்கும் அச்சகத்தில் ஒரு நிமிடத்தில் நூறு அட்டை வெளியே விழும். "உங்க மிஷினுக்குப் பூன்னா என்னன்னு தெரியுமா?" என்று கேலி செய்வாள். அங்கிருந்து அவன் கொண்டுவரும் கனத்த காகிதத்தின் வெட்டுத் துண்டுகளில்தான் வண்ணம் சோதித்துப் பார்ப்பாள்.

ஏழு நாற்பதுக்கு அவன் செருப்பை மாட்டும்போது உள்ளேயிருந்து ஏதோ சொன்னாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. "ம்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினான்.

பதினொன்று பத்துக்கு அச்சகத்து மேலாளர் இயந்திரங்களின் சத்தத்துக்கு மேல் அவனைக் கையசைத்துக் கூப்பிட்டார். போனில் எதிர்வீட்டுத் தையல்கார அக்கா.

*

மறுநாள். நான்கு மணிக்கு வண்டி வரும் என்று அண்ணன் சொன்னான். எல்லாவற்றையும் அண்ணன்தான் பார்த்துக்கொண்டான். நாற்காலிகள் வந்தன. யார் யாரோ வந்து அவன் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்கள். அவளைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். வலது கை ஆள்காட்டி விரலின் நகக்கண்ணில் கறுப்பு மை. ஆஸ்பத்திரியில் துடைத்திருக்கிறார்கள், போகவில்லை.

மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது என்றார் டாக்டர். வலி தெரிந்திருக்காது என்றார். அதை இரண்டு தடவை சொன்னார்.

மாமியார் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். புதிதாக யார் வந்தாலும் முதலிலிருந்து சொன்னார்.

"எதிர்வீட்டுப் பொண்ணுகிட்ட சொல்லியிருக்கா. 'அம்மாவப் போய்ப் பாக்கணும்க்கா, கண்ணுலயே நிக்கிறாங்க'ன்னு. அதான் கடைசியாப் பேசினது. என்னைத்தான் நெனச்சிருக்கா."

தையல்கார அக்கா சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் தலையை அசைத்தார். பார்வை தரையில் இருந்தது.

"உங்ககிட்ட என்ன சொன்னா மாப்பிள்ளை? கெளம்பறப்போ?"

"ஞாபகம் இல்ல அத்தை."

மாமியார் அவனை நிமிர்ந்து பார்த்தார். "நேத்துதான மாப்பிள்ளை."

அவன் எழுந்து அறைக்குள் போனான். அவளுடைய மேசையை அண்ணன் அப்படியே தூக்கி அறைக்குள் வைத்திருந்தான், கூடத்தில் இடம் வேண்டுமென்று. மேலே ஒரு படுக்கை விரிப்பைப் போட்டு மூடியிருந்தான். அவன் கதவைச் சாத்திக்கொண்டு விரிப்பை எடுத்தான்.

பதினேழு அட்டைகளில் கோடு அச்சாகியிருந்தது. சுத்தமான கோடுகள். ஆறு அட்டைகள் தனியாகப் பலகையில் ஒட்டியிருந்தன. ஆறும் பாழ். இதழ் எது, காம்பு எது என்று தெரியவில்லை. கறுப்பு கரைந்து, ஓடி, அட்டையின் ஓரம் வரை சாம்பல் நிறமாகப் பரவி உலர்ந்திருந்தது. அடுப்புக்கரி தண்ணீரில் விழுந்த மாதிரி.

அவன் புரியாமல் பார்த்தான். அவள் கோடு கரையாது. கரையவே கூடாது.

இரண்டு மைப்பெட்டிகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. ஒரே கம்பெனி, ஒரே அளவு, இரண்டும் கறுப்பு. ஒன்று தண்ணீரில் கரையாதது, கோட்டுக்கு. இன்னொன்று கரைவது. இலைக்குக் கீழே நிழல் இழுக்க அதுதான் வேண்டும். குழம்பிவிடக் கூடாது என்று கரையாத மையின் மூடியில் அவள் நகப்பூச்சால் சிவப்பாக ஒரு பொட்டு வைத்திருந்தாள்.

அவள் போவதற்கு முந்தின நாள் சாயங்காலம் தலைவலி என்று அவள் சீக்கிரம் படுத்துவிட்டாள். மேசை இறைந்து கிடந்தது. அவன் தூரிகைகளைக் கழுவினான். மேசையைத் துடைத்தான். திறந்து கிடந்த இரண்டு பெட்டிகளையும் மூடினான். கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் அவன் அந்த மேசையைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

அவன் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். அலமாரியிலிருந்து வெட்டுத் துண்டு ஒன்றை எடுத்தான். சிவப்புப் பொட்டு மூடியைத் திறந்து, அச்சை அந்த மையில் ஒற்றி, காகிதத்தில் அழுத்தினான். மிஷினைப் போட்டுக் காய வைத்தான். தூரிகையை நனைத்து இதழுக்குள் இழுத்தான்.

கோடு ஓடியது.

சரியாகக் காயவில்லை போலிருக்கிறது என்று இன்னொரு துண்டில் அழுத்தினான். இந்த முறை வெகுநேரம் காய வைத்தான், காகிதம் சுருளும் வரை. தண்ணீர் வைத்தான். ஓடியது. பொட்டு இல்லாத பெட்டியை எடுத்தான். ஒற்றினான், அழுத்தினான், காய வைத்தான், நனைத்தான். கோடு அசையவில்லை. மறுபடியும் பொட்டு வைத்தது. ஓடியது. மறுபடியும். அவசரத்தில் பூ இரட்டையாக விழுந்தது. அதுவும் ஓடியது. ஏதாவது ஒரு துண்டில் ஓடாமல் இருந்துவிடாதா என்று பார்த்தான். இருபது துண்டுகள் ஆயின. முப்பது ஆயின. மேசை முழுக்கச் சாம்பல் பூக்கள்.

கதவைத் தட்டினார்கள்.

"டேய், உள்ள என்னடா சத்தம்?" அண்ணன். "என்ன மிஷின் ஓடுது? எல்லாரும் ஒரு மாதிரி பாக்கறாங்க. வெளிய வா."

"வரேன்."

"சாப்பிட்டியா? ரெண்டு வாய் சாப்பிட்டுட்டு வந்து உக்காரு."

"வரேன்னு சொன்னேன்ல."

அண்ணன் காலடி நகர்ந்தது. அவன் மிஷினை அணைத்தான். போனை எடுத்து ஆஸ்பத்திரிக்குப் போட்டான். யாரோ ஒரு பெண் எடுத்தாள்.

"மூளையில ரத்தக்குழாய் வெடிக்கறதுக்கு... திடீர்னு கோபம் வந்தா வெடிக்குமா? ரொம்ப வருத்தப்பட்டா?"

"யார் பேசறீங்க? பேஷன்ட் பேர் சொல்லுங்க."

"பேஷன்ட் இல்ல. சும்மா தெரிஞ்சுக்கறதுக்கு."

"டாக்டர் ரவுண்ட்ஸ்ல இருக்கார் சார். நாலு மணிக்கு மேல பண்ணுங்க."

நாலு மணிக்கு மேல். அவன் போனை வைத்தான்.

பார்த்திருப்பாள். முதல் அட்டையில் ஓடும்போதே பார்த்திருப்பாள். இல்லை, அவள் ஆறையும் வரிசையாக வைத்து எல்லாவற்றிலும் தண்ணீரைத் தடவிவிட்டுத்தான் முதல் அட்டைக்குத் திரும்புவாள். திரும்பியபோது ஆறும் ஓடிக்கொண்டிருந்திருக்கும். பதினேழு மிச்சம். மூன்று மணி நேர வேலை. மண்டைக்குள் வலி. யார் செய்தது என்று யோசிக்கவே வேண்டியதில்லை. காலையில்தானே சிரித்தாள், சுத்தமாகத் துடைக்கிறாள் என்று.

அப்போதுதான் துணித் துண்டுகளைக் கவனித்தான். தண்ணீர்க் கிண்ணத்துக்குப் பின்னால் நாலைந்து கிடந்தன. மையை ஒற்றியெடுத்துக் கறுத்துப்போன துண்டுகள். நீலக் கட்டம் போட்ட துணி. பள்ளிக்கூடச் சீருடைத் துணி. இந்த வீட்டில் அந்தத் துணி கிடையாது.

அவன் ஒரு துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தான். கூடத்தில் பேச்சு நின்றது. மாமியார் ஏதோ கேட்டார். அவன் மனைவியைத் தாண்டிப் போனான். தாண்டும்போது அவள் கால் விரலில் வேட்டி உரசியது. தையல்கார அக்கா சுவரோரம் இல்லை.

எதிர்வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. தையல்மிஷினுக்கு முன்னால் அக்கா சும்மா உட்கார்ந்திருந்தார். மிஷின்மேல் பாதி தைத்த நீலக் கட்டச் சட்டைகள்.

"வாங்க தம்பி. தண்ணி குடிக்கறீங்களா?"

அவன் துண்டை நீட்டினான். அக்கா வாங்கவில்லை.

"அவ இங்க வந்தா."

"வந்தா தம்பி. துணி கேட்டா. குடுத்தேன்."

"எத்தனை மணிக்கு?"

"பத்தரை இருக்கும். அப்புறம் அந்த மிஷின் சத்தம் நிக்கவே இல்ல. முடி காய வைக்கிற மிஷின். எப்பவும் விட்டு விட்டுத்தான போடும். ரொம்ப நேரமா ஒரே சத்தமா இருக்கேன்னு வந்து பாத்தேன். கையில பிடிச்சபடியே..." நிறுத்திக்கொண்டார். "நேத்தே சொன்னேனே தம்பி."

"அம்மாவப் பாக்கணும்னு சொன்னாளா?"

அக்கா மிஷினின் சக்கரத்தைக் கையால் மெல்ல முன்னால் தள்ளி, பின்னால் இழுத்தார். ஊசி இறங்கி ஏறியது.

"அந்தம்மா வந்ததும் என் கையப் பிடிச்சுக்கிட்டு, என்ன சொன்னா என் பொண்ணுன்னு கேட்டாங்க தம்பி. பிடிச்ச பிடிய விடல. நான் என்ன செய்யட்டும்? வாய்ல வந்ததச் சொல்லிட்டேன்."

"பரவால்லக்கா. அவங்களுக்கு அதுவே இருக்கட்டும். எனக்குச் சொல்லுங்க."

"விடுங்க தம்பி. வண்டி வர்ற நேரம்."

"திட்டினாளா?"

"இல்ல."

"அழுதாளா?"

"ஐயோ, இல்ல தம்பி."

"அப்ப ஏன் சொல்ல மாட்டேங்கறீங்க?"

"சொல்லக் கூடாதுன்னு சொன்னா."

அவன் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டான். கீழே தெருவில் ஒரு வண்டி பின்னால் நகரும் சத்தம் கேட்டது. யாரோ "வாங்க, வாங்க, இன்னும் கொஞ்சம்" என்று வழி காட்டினார்கள்.

"மூடிய மாத்தி வச்சது நான்தான். எனக்குத் தெரிஞ்சுபோச்சுக்கா. இனிமே மறைக்க ஒண்ணும் இல்ல. என்னைப் பத்தி ஏதோ சொல்லியிருக்கா. எவ்வளவு மோசமா இருந்தாலும் சொல்லிடுங்க. சொல்லலைன்னா நானா ஒண்ணு ஒண்ணா நெனச்சுக்கிட்டே இருப்பேன். காலையிலேருந்து அதான் நடக்குது. என்னால முடியல."

அக்கா சக்கரத்திலிருந்து கையை எடுத்தார்.

"கையில ஒரு அட்டைய வச்சுக்கிட்டு வந்தா. ஈரம் சொட்டுது. 'இங்க பாருங்க எங்க வீட்டு மழைய'ன்னு காட்டினா. நான் சரியாப் பாக்கல தம்பி. ஊசியில நூல் கோத்துக்கிட்டு இருந்தேன். 'மை ஒத்தற மாதிரி பருத்தித் துண்டு இருந்தா குடுங்கக்கா'ன்னா. அந்தக் கூடையில இருக்கு, எடுத்துக்கோன்னேன். எடுத்துக்கிட்டா."

"சிரிச்சாளா? இதச் சொல்றப்போ சிரிச்சாளா?"

"முகத்தப் பாக்கல தம்பி." அக்கா மிஷின் ஊசியைப் பார்த்தார். "நூலு உள்ள போவேனான்னு அடம் பண்ணுது. கண்ணு அங்கயே இருந்துது. ஒரு தடவ தலையத் தூக்கிப் பாத்திருக்கலாம். பாக்கல."

"டேய்!" அண்ணன் படிக்கட்டிலிருந்து கூப்பிட்டான். "எங்கடா போன? ஆளுங்க வந்தாச்சு."

அவன் திரும்பவில்லை.

"அப்புறம்?"

"அப்புறம் வாசல் வரைக்கும் போனா. இப்ப நீங்க நிக்கறீங்களே, அங்க. அங்கேருந்து திரும்பி நின்னு சொன்னா."

அவன் கையிலிருந்த துண்டை மடித்தான். இன்னும் சின்னதாக மடித்தான். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவள் சொன்னதை அவள் சொன்னபடியே சொன்னார்.

"'அவர்கிட்ட சொல்லிடாதீங்கக்கா. முதல் தடவையா மேசையத் தொடச்சிருக்காரு. சொன்னா ஜென்மத்துக்கும் தொடைக்க மாட்டாரு.'"