தலைகீழ் மெயின்

மெர்லின் ஐஸ் பாரை நடுத்தெருவிலேயே போட்டுவிட்டு ஓடினாள். சாக்கோடு விழுந்த ஐஸ் கட்டி, தேங்கிய தண்ணீரில் வழுக்கிக்கொண்டு போய் நின்றிருந்த ஆட்டோவின் சக்கரத்தில் மோதியது. ஆட்டோக்காரன் திட்டினான். அவள் காதில் அது ஏறவில்லை.

அவள் கண் இரண்டே இடத்தில்தான் இருந்தது. ஒன்று, தெருக்கோடியில் அவர்கள் வீட்டு வாசல் பல்பு. புயல் அடித்ததிலிருந்து செத்துக் கிடந்தது இப்போது மஞ்சளாய் எரிந்தது. இன்னொன்று, அந்த வாசலுக்கு எதிரே கம்பத்தின் உச்சியில் மழைக்கோட்டும் ஹெல்மெட்டுமாய், இடுப்பு பெல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்த லைன்மேன்.

கல்மண்டபம் ஏரியாவில் அந்தத் தெரு முழுக்க வேறு ஒரு வீட்டிலும் வெளிச்சமில்லை. வீட்டை ஒட்டிய சந்திலிருந்து என்ஜின் சத்தம் தடதடத்தது. சவரிநாதன் அண்ணன் தன் படகிலிருந்து ஜெனரேட்டரைத் தூக்கி வந்துவிட்டான்.

அதில் தப்பு ஒன்றுமில்லை. கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் அவர்கள் அப்பா, நைனா, படுத்திருந்தார். காலையில் போன உயிர். மஸ்கட்டிலிருந்து ஃப்ளோரன்ஸ் அக்கா வந்து முகம் பார்க்கும் வரை பெட்டி குளிர வேண்டும். அதற்குத்தான் மெர்லின் காசிமேட்டுக்கு ஐஸ் வாங்கப் போனாள். அதற்குத்தான் அண்ணனும் படகுக்குப் போனான்.

ஆனால் ஜெனரேட்டர் கரண்ட் வீட்டுக்குள்ளேயே நிற்க வேண்டுமென்றால் மெயினை அணைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது வாசல் வயர் வழியாக வெளியே போய்க் கம்பத்தில் ஏறும். கம்பத்தின் மற்ற கம்பிகளெல்லாம் அறுந்து தரையில் கிடந்தன. இவர்கள் வீட்டு வயர் ஒன்றுதான் மிச்சம். லைன் செத்துக் கிடக்கிறது என்று நம்பி மேலே இருப்பவன் கை வைத்தால், அதோடு சரி.

அண்ணன் மெயினைக் கவனிக்காமல் விடுகிற ஆள் இல்லை. கண்டிப்பாக இறக்கியிருப்பான். மெர்லின் ஓடியதே அதனால்தான்.

அந்த வீட்டு மெயின் தலைகீழ்.

ஒரு மழைக்காலத்தில் வெள்ளம் போர்டு வரை ஏறியது. வடிந்த பிறகு அதைக் கழற்றி உயரத்தில் மாட்டியபோது மெயின் பெட்டி தலைகீழாய்ப் போய்விட்டது. மாட்டியவனைத் தெருவில் நிறுத்தி நைனா அறைந்தார். அவன் அதன் பிறகு வீட்டுப் படி ஏறவில்லை, பெட்டியைத் திருப்பி மாட்டவும் யாரும் வரவில்லை. ஆன், ஆஃப் என்ற எழுத்துகளின் மேல் கிறிஸ்துமஸ் பெயின்ட் ஏறிவிட்டது. மேலே தள்ளினால் ஆஃப், கீழே இறக்கினால் ஆன். வீட்டில் இருப்பவர்களுக்குக் கை பழகிவிட்டது. அதற்கு முன்பே கல்யாணமாகி எண்ணூர் போய்விட்ட சவரிநாதனுக்கு இது தெரியாது. புயலன்று மெயினை மேலே தள்ளி அணைத்து வைத்தது மெர்லின்தான்.

"அண்ணே, லைன்ல கை வெக்காதீங்க," என்று கம்பத்தைப் பார்த்துக் கத்தினாள். மேலே இருந்தவன் இவள் குரல் கேட்டதும் முகத்தைக் கம்பத்தின் மறுபக்கம் திருப்பிக்கொண்டது போல இருந்தது. என்ஜின் சத்தத்தில் கேட்டிருக்காது என்று நினைத்து உள்ளே பாய்ந்தாள்.

கூடத்தில் பெண்கள் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். தன் நீட்டிய காலைத் தாண்டியதற்கு சிலுவையம்மாள் அத்தை முறைத்தாள். "சாவு வூட்ல இன்னாடி ஓட்டம்?"

சவரிநாதன் போர்டுக்குக் கீழே வியர்த்து நின்றான். முகத்தில் ஒரு பெருமை. "பாத்தியா, பொட்டி ஜில்லுனு கீது. நான் கீறப்போ நீ இன்னாத்துக்கு ஐஸுக்கு அலையிற?"

"மெயினு?"

"நீதான் அப்டியே மேல வுட்டு வெச்சிக்கீற. ஆளு போஸ்ட்டுல ஏறிகினு கீறான், நான் இன்னா லூசா? நல்லா இஸ்து எறக்கிட்டேன். ஈ.பி.ல நாளைக்குத்தான் வருவோம்னாங்க. பாவம், இன்னிக்கே ஒண்டியா வந்து நம்ம போஸ்ட்டுலதான் மொதல்ல ஏறிக்கீறான்."

மெர்லின் எக்கிக் கைப்பிடியை மேலே தள்ளினாள். உப்புக்காற்றில் துருவேறிய இரும்பு. அண்ணன் இழுத்த இழுப்பில் கவ்விக்கொண்டு அசைய மறுத்தது.

"இன்னா பண்ற நீ?"

"நம்ம வூட்ல எறக்குனா ஆனுண்ணே."

அவன் முகம் வெளிறியது. சுவர் பிளக்கில் சொருகியிருந்த வயரை நோக்கிக் கை நீட்டினான். இரண்டு முனையிலும் பிளக் பின் வைத்த படகு வயர் அது.

"அதை உருவாதே. உருவுனா அந்தப் பின்னு உன் கையில கரண்டோட நிக்கும். என்ஜினை நிறுத்தணும்."

அவள் சந்துக்கு ஓடினாள். புகை கண்ணை எரித்தது. சுவிட்சைத் தடவித் திருப்பினாள். என்ஜின் இருமி அடங்கியது. வாசல் பல்பு செத்தது. ஜெபமாலை மட்டும் கேட்டது.

வெளியே வந்தாள். கம்பத்தில் இருந்தவன் பெல்ட்டில் சாய்ந்து கிடந்தான். நெற்றி கம்பத்தில் ஒட்டியிருந்தது. இரண்டு கையும் தொங்கின. மழைநீர் விரல் நுனியிலிருந்து சொட்டியது.

பின்னாலேயே வந்த சவரிநாதன் பார்த்த மாத்திரத்தில் தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டான். "போட்டுல இதே ஒயர்லதான் கரண்டு குடுப்பேன் மெர்லினு. கடல்ல ஒயரோட அந்தப் பக்கம் போஸ்ட்டும் ஆளும் இல்லியே. நைனா பொட்டிக்காக ஒரு ஆளைக் கொன்னுட்டனே."

"லைன்மேன் அண்ணே," என்று கூப்பிட்டாள் மெர்லின். கம்பத்தடிக்கு ஓடினாள். இன்னொரு தடவை கூப்பிட்டாள்.

தொங்கிய கை மெல்ல உயர்ந்தது. அதில் கரண்ட் இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்டர் இருந்தது.

"டெஸ்டர்ல லைட்டு எரிஞ்சிச்சு. அதான் கை வெக்கல," என்றது மேலிருந்து கரகரத்த குரல். "என்ஜினை நிறுத்திட்டீங்கல்ல? இனிமே சுவத்து பிளக்குல குடுக்காதீங்க. பொட்டி ஒயரை நேரா ஜெனரேட்டர்லயே சொருகுங்க. பத்தலன்னா நீட்டு ஒயர் வாங்கிக்கோங்க. ஜெனரேட்டர் வெளியவே இருக்கட்டும், பொக உள்ள போவக் கூடாது. நான் லைன் குடுத்ததும் மாத்திக்கலாம்."

சவரிநாதன் மார்பில் சிலுவை போட்டுக்கொண்டான். அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. "யோவ், உசுரு கீதுன்னு ஒரு சவுண்டு குட்த்திருக்கலாம்ல? சொம்மா தொங்கிகினு இருந்தா இன்னான்னு நெனைக்கிறது?"

"கொஞ்சம் முடியல. அதான்."

அவன் இன்னும் இவர்களைப் பார்க்கவில்லை. அந்த உயரத்திலிருந்து திறந்த கதவு வழியாகக் கூடம் தெரியும். ஐஸ் பெட்டியின் கண்ணாடி தெரியும். அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"லைன் ஆஃப்னு சொல்லித்தானே உன்னை ஏத்தியிருப்பாங்க," என்றான் சவரிநாதன். "அப்புறம் எப்டி டெஸ்டர் வெக்கத் தோணுச்சு?"

"இந்த வூட்ல என்ஜின் சத்தம் கேட்டுச்சு. இங்க மெயினு தலைகீழ். தெரியாதவன் எறக்கிடுவான்."

மெர்லின் அண்ணாந்து அவனையே பார்த்தாள். வீட்டில் இருந்தவர்களுக்கு மட்டுமே கை பழகிய விஷயம் அது.

"எங்க வூட்டு மெயினு தலைகீழ்னு உங்களுக்கு எப்டித் தெரியும்?"

அவன் ஹெல்மெட்டைக் கழற்றினான். மழை அவன் முகத்தைக் கழுவியது. நைனாவின் அதே மூக்கு.

"எனக்குத் தெரியாதாக்கா?" என்றான் அவள் தம்பி சாலமன். "அடி வாங்கிகினு போனவன் நான்தானே."