சிகரெட் வாசனை போகாத வீடு

வீடு எனக்குப் புடிச்சிருந்துச்சு. நாத்தம்தான் புடிக்கலை.

தைவான்ல கீலுங் துறைமுகத்துக்கு மேல, சரிவுல நிக்கிற பழைய கட்டடம். அதுல மூணாவது மாடி. ஜன்னலைத் திறந்தா என் வீட்டுக்காரர் கோ-வெய் ஓட்டுற கிரேன் தெரியும். ஆஸ்பத்திரி நடந்து போற தூரம். எனக்கு அதுதான் பெருசு. எங்க பையன் ஆ-யூவுக்கு ஆறு வயசு, மூச்சிழுப்பு. இப்ப இருக்குற வாடகை வீடு கீழ்தளம். பீரோவை நகர்த்தினா சுவர் முழுக்க பூஞ்சை. மழை புடிச்சுதுன்னா அவன் நெஞ்சுக்குள்ள விசிலடிக்கும். இந்த ஊர்ல மழை எப்ப விட்டுச்சு? நான் தெக்க பிங்டுங்ல பொறந்தவ. அங்க துணி போட்டா காயும். இங்க கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து ஒரு சாக்ஸ்கூட முழுசா காய்ஞ்சு நான் பாத்ததில்லை.

வீட்ல இருந்தது ஒரு பெரியவர். கப்பல் இன்ஜின் மெக்கானிக். கண்ணு முழிச்சா சிகரெட், கண்ணு மூடுற வரைக்கும் சிகரெட். போன குளிர்காலத்துல போயிட்டார். மகன் ஜின்-தூ தைச்சுங்ல இருக்கார், அவர்தான் விக்கிறார். போன்ல கேட்டேன்.

"நாத்தமா? அதெல்லாம் பெயின்ட் அடிச்சா ஓடிப்போயிடும்மா."

"என் பையனுக்கு மூச்சிழுப்புங்க. ஓடிப்போகலைன்னா நாங்கதான் ஓடணும்."

 "சரி, சாவி வாங்கிக்க. நீயே கழுவிப் பாரு. போச்சுன்னா கையெழுத்து. போகலைன்னா வேற ஒருத்தர் கேட்டுட்டு நிக்கிறார். அவரே சிகரெட் குடிக்கிறவர், அவருக்கு ஒண்ணும் தெரியப் போறதில்லை"ன்னார்.

சாவி கொண்டுவந்தது அவர் தங்கச்சி ஜின்-யே. அறுபது இருக்கும். கல்யாணம் பண்ணிக்கலை. அப்பாவைக் கடைசி வரைக்கும் பாத்துக்கிட்டது இவங்கதான். மீன் மார்க்கெட்ல இறால் உரிக்கிற வேலை, விரல் நுனியெல்லாம் ஊறி வெளுத்துக் கெடந்துச்சு. இப்ப மார்க்கெட்டுக்குப் பின்னாடி ஒரு ரூம் எடுத்துத் தங்கியிருக்காங்க.

"எல்லாம் கழுவிக்கம்மா. அந்தக் கடைசி ரூம் மட்டும் வேணாம். அப்பா அங்க இருக்கார். அவரைக் கேக்காம எடுக்க முடியாது. நல்ல நாள்ல எடுத்துடறேன்."

பெரியவரோட ஆவி தங்கியிருக்குன்னு நம்புற பேர்ப்பலகை வச்ச பூஜை ரூம். எனக்குப் புரிஞ்சுது. அடுத்தவங்க வீட்டுச் செத்தவங்களைப் போய் எட்டிப் பாக்கிற பழக்கம் நம்மகிட்ட கிடையாது. மூடின கதவு முன்னாடி நின்னு கும்பிட்டேன். "ஐயா, கொஞ்சம் சத்தம் வரும், கோவிச்சுக்காதீங்க"ன்னு சொல்லிட்டுப் பக்கெட்டை எடுத்தேன்.

சுடுதண்ணியில வினிகர் ஊத்தி சுவத்தைத் தொடச்சா, டீ டிகாஷன் மாதிரி வழியுது. சீலிங்கைத் தொடச்சப்போ முழங்கை வரைக்கும் பிசுபிசுன்னு இறங்குச்சு. வெள்ளைன்னு நெனச்ச சுவிட்ச் நெஜமாவே வெள்ளைதான்னு தொடச்சப்புறம்தான் தெரிஞ்சுது. திரைச்சீலையை எல்லாம் கழட்டி எறிஞ்சேன். ஏசி ஃபில்டரைப் பாத்து கோ-வெய், "இதுல நூடுல்ஸ் செஞ்சு தரட்டுமா?"ன்னார். அவருக்கு எல்லாம் விளையாட்டு. கிரேன் மேல தனியா உக்காந்து உக்காந்து, கீழ வந்தா வாய் நிக்காது.

கறையடைக்கிற பெயின்ட் ரெண்டு கோட் அடிச்சோம். மூலைக்கு மூலை அடுப்புக்கரி வச்சேன். காப்பிக் கடைப் பொண்ணுகிட்ட சக்கை கேட்டு வாங்கினேன். நிலாப் பண்டிகை முடிஞ்ச சமயம், பக்கத்து வீட்டுக்காரங்க எல்லாம் பம்ப்ளிமாஸ் தோலைத் தூக்கிப் போடுவாங்க, அதையும் பொறுக்கிட்டு வந்து வச்சேன்.

"கடை போடப்போறியா?" கோ-வெய் கேட்டார்.

"பேசாம ஏணியைப் புடிங்க."

ஈரம் உறிஞ்சுற மெஷினை நாள் முழுக்க ஓடவிட்டோம். சாயங்காலம் அதுல சேர்ந்த தண்ணியைக் கொட்டறப்போ மோந்து பாப்பேன். மொதல்ல சாம்பல் கிண்ணம் கழுவின தண்ணி மாதிரி இருந்துச்சு. போகப் போக வெறும் தண்ணி ஆச்சு. மதியம் வரைக்கும் வீடு சுத்தமா இருக்கும். எனக்கே சிரிப்பு வரும், அவ்வளவு சந்தோஷம். நாலு மணிக்கு ஆ-யூவை ஸ்கூல்லேர்ந்து கூப்பிடப் போயிடுவேன். மறுநாள் காலையில கதவைத் திறந்தா, மறுபடியும் லேசா. சிகரெட்.

"சுவத்துக்குள்ள ஊறியிருக்கும்"ன்னார் கோ-வெய். மூணாவது கோட் அடிச்சோம். மறுநாள் காலையில மறுபடியும்.

ராத்திரி படுத்துக்கிட்டு ஆ-யூவோட விசிலைக் கேட்டுட்டே இருப்பேன். கையெழுத்துக்குக் குறிச்ச நாள் பக்கத்துல வந்துட்டுது. "இந்த வீடு நமக்கு இல்லையோ?"ன்னு நான் கேட்டா அவர் போர்வையை இழுத்து மூடிக்குவார். விளையாட்டுப் பேச்சும் வராது. அதுதான் எனக்குப் பயமா இருந்துச்சு.

ஒருநாள் ஆ-யூவைக் கூட்டிட்டு வீட்டுக்கு வந்தப்புறம் பைக்குள்ள பாத்தா அவன் இழுக்கிற மருந்து இல்லை. புது வீட்டுச் சமையல் மேடை மேலயே வச்சுட்டு வந்திருக்கேன். அவனைக் கோ-வெய்கிட்ட விட்டுட்டுக் குடையை எடுத்துட்டு ஓடினேன். கதவு பூட்டாம இருந்துச்சு. உள்ள நொழைஞ்சதும் மூக்குக்குத் தெரிஞ்சுது. ஊறின நாத்தமில்லை இது. பத்தவச்ச சிகரெட்.

கடைசி ரூம் கதவு பாதி திறந்திருந்துச்சு. ஜின்-யே அக்கா மண்டி போட்டு உக்காந்திருந்தாங்க. ஊதுபத்திக் கிண்ணத்துல ஊதுபத்தி இல்லை. சாம்பல்ல மூணு சிகரெட் செருகி, மூணும் பொகைஞ்சுட்டு இருந்துச்சு. பக்கத்துல ஒரு கப் டீ. பின்னாடி சுவர் கருப்பட்டி நிறம்.

எனக்கு என்ன வந்துச்சுன்னு தெரியலை. கத்திட்டேன்.

"அக்கா! நான் என் கையைத் தேய்ச்சுத் தேய்ச்சு ரத்தம் வர வைக்கிறேன். நீங்க இன்னொரு சாவி வச்சுக்கிட்டுத் தினம் வந்து பத்த வைக்கிறீங்களா?"

அவங்க பதறி எழுந்தாங்க. "நான் குடிக்கலைம்மா, சத்தியமா. பத்திக்கிறதுக்கு ஒரு இழுப்பு, அவ்வளவுதான். அவருக்கு ஊதுபத்தி வாசனை ஆகாது. உயிரோட இருக்கறப்பவே, 'நான் செத்தா அந்தக் குச்சியைக் கொளுத்தி என்னைத் தும்ம வைக்காதே'ன்னு சொல்லியிருக்கார். கதவைச் சாத்திக்கிட்டுத்தானே பண்றேன். வெளிய வராதுன்னு நெனச்சேன்."

"கதவுக்கு அடியில ஒரு விரல் இடைவெளி இருக்குக்கா!"

அவங்க அந்த இடைவெளியை இப்பத்தான் பாக்குறவங்க மாதிரி பாத்தாங்க. நானும் அந்தக் கதவை வெளிப்பக்கம் எத்தனை தடவை தொடச்சிருப்பேன். உள்ள என்னன்னு கேக்கணும்னு எனக்கும் தோணலை.

"அவரை எப்ப எடுக்கப் போறீங்க? நல்ல நாள் வரவே இல்லையா?"

"அவர் ஒத்துக்கமாட்டேங்கிறார்."

"கட்டை போட்டுக் கேட்டீங்களா?"

செத்தவங்ககிட்ட சம்மதம் கேட்டுத் தரையில போடுற, பிறை மாதிரி ரெண்டு செவப்பு மரக்கட்டை, டீ கப்புக்குப் பக்கத்துலயே இருந்துச்சு. மேல தூசி. அதைப் பாத்துட்டு நான் அவங்களைப் பாத்தேன். அவங்க தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க.

"கேக்கலைம்மா. அப்பாவைக் கேட்டேன், மாட்டேங்கிறார்னு அண்ணன்கிட்ட பொய் சொல்லிட்டேன். 'செத்தும் கெழவனுக்குப் பிடிவாதம்'னு அவன் கத்தறான். கேட்டு, அவர் போறேன்னு சொல்லிட்டார்னா? அண்ணன் அவரைக் கொண்டுபோய் தைச்சுங்ல ஒரு கோயில் மாடத்துல வச்சிடுவான். நம்பர் போட்ட பெட்டி. அங்க சிகரெட் யார் தருவா?"

எனக்குக் கோவம் போகலை. ஆனா கத்தலை. சமையல் மேடை மேல இருந்த மருந்தை எடுத்துக் கையில புடிச்சுக்கிட்டே சொன்னேன். "என் பையன் இதை இழுத்துட்டுத்தான் ஸ்கூல்ல படி ஏறுறான். எனக்கு இந்த வீடு வேணும்க்கா. நீங்க இன்னிக்குக் கேளுங்க. இல்லைன்னு சொன்னார்னா நான் சாவியைக் குடுத்துட்டுப் போயிடறேன்."

 அவங்க கட்டையை எடுத்து சட்டையில தொடச்சாங்க. மண்டி போட்டு, "அப்பா, இந்த வீட்டை விக்கிறோம். அண்ணன் சொல்ற கோயிலுக்குப் போறீங்களா?"ன்னு கேட்டுப் போட்டாங்க.

ஒண்ணு தட்டைப் பக்கம் மேல தெரிய மல்லாந்துச்சு, ஒண்ணு குப்புற. சம்மதம். இப்படி மூணு தடவை வரிசையா விழணும்.

ரெண்டாவது தடவையும் அப்படியே விழுந்துச்சு. ஜின்-யே அக்கா கட்டையை உடனே எடுக்கலை.

மூணாவது தடவை போட்டாங்க. ஒரு கட்டை மல்லாந்து கெடந்துச்சு. இன்னொண்ணு உருண்டு பூஜை மேஜைக்கு அடியில போயிடுச்சு. அவங்க கண்ணை மூடிக்கிட்டாங்க.

"என்னால பாக்க முடியாது. நீ பாரும்மா. தொடாதே. எப்படிக் கெடக்குதோ அப்படிச் சொல்லு."

தரையில கன்னத்தை வச்சு, போன் வெளிச்சம் அடிச்சுப் பாத்தேன். சுவரோரமா கெடந்துச்சு. மல்லாந்து. ரெண்டுமே மல்லாந்துச்சுன்னா சம்மதமில்லை, சிரிக்கிறார்னு அர்த்தம்.

என் விரல் எட்டுற தூரம். ஒரு தட்டு தட்டினா குப்புற விழுந்திடும். தட்டக்கூட வேணாம், வாயால சொன்னாலே போதும், அவங்க கண்ணைத் திறக்கப் போறதில்லை. ஆ-யூவோட விசில் அங்கயே, மேஜைக்கு அடியிலயே எனக்குக் கேட்டுச்சு.  அப்புறம் ஒண்ணு தோணுச்சு. பொய் சொன்னா, அந்தப் பொய்யோட இந்த வீட்ல நான் தூங்கணும். தினம் தூங்கணும்.

"சிரிக்கிறார்க்கா"ன்னேன்.

சொல்லிட்டு நான் தரையிலயே கெடந்தேன்.  வீடு போச்சு.

மேல ஒரு சத்தம். அழறாங்கன்னு நெனச்சேன். தலையைத் தூக்கினா, அக்கா சிரிக்கிறாங்க. கண்ணுல தண்ணியோட.

"அப்படித்தான் சிரிப்பார். நான் உருப்படியா ஒண்ணு கேக்கலைன்னா, வாயில சிகரெட்டோட அப்படித்தான் சிரிப்பார். கேள்வி தப்பும்மா."

"அப்ப சரியான கேள்வி எது?"

கட்டையை நான் எடுத்துக் குடுத்தேன். அவங்க வாங்கிக்கிட்டு ரொம்ப மெதுவா, யாரோ திட்டப் போறாங்கங்கிற மாதிரி கேட்டாங்க. "அப்பா, நான் பொண்ணு. பொண்ணு வீட்ல அப்பா இருக்கக்கூடாதுன்னு சொல்வாங்க. என் ரூம் சின்னது. மீன் நாத்தம் அடிக்கும். என்கூட வர்றீங்களா?"

சம்மதம். சம்மதம். மறுபடியும் சம்மதம். மூணு தடவையும் கட்டை எங்கயும் உருளலை.

அண்ணன் போன்ல குதிச்சார். "ஊர் சிரிக்கும்! மகன் நான் உயிரோட இருக்கறப்போ மக வீட்லயா?" அக்கா கேட்டுட்டே இருந்துட்டு, "அப்பா ஏற்கனவே சிரிச்சுட்டார்ண்ணே"ன்னு சொல்லிட்டு வச்சுட்டாங்க.

அடுத்த நல்ல நாள்ல பேர்ப்பலகையைச் செவப்புத் துணியில சுத்தி, மழை படாம கறுப்புக் குடை புடிச்சு எடுத்துட்டுப் போனாங்க. படிக்கு ஒரு தடவை, "அப்பா, படி இறங்குறோம். அப்பா, ரோடு தாண்டுறோம்"னு சொல்லிட்டே போனாங்க. நாங்க அந்த ரூம் சுவத்துப் பலகையை உரிச்சு எறிஞ்சோம். அதுக்கப்புறம் ரெண்டு நாள் நான் வீட்டைப் பூட்டியே வச்சேன். மூணாவது நாள் காலையில திறந்தப்போ பெயின்ட் வாசனையும் பம்ப்ளிமாஸ் வாசனையும்தான் இருந்துச்சு. கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ஆ-யூவைக் கூட்டிட்டு வந்து மதியம் தூங்க வச்சேன். முதுகுல காதை வச்சுக் கேட்டேன். மழை சத்தம்தான் கேட்டுச்சு. கையெழுத்துப் போட்டோம்.

இதோட முடிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும்.

குடிவந்து கொஞ்ச நாள் ஆகியிருக்கும். ஒரு சாயங்காலம், மழை தூறல். ஆ-யூ ஜன்னல்கிட்ட உக்காந்து அப்பா கிரேன் எதுன்னு தேடிட்டிருந்தான். ரெண்டு தடவை இருமினான். நான் கிட்ட போனதும் தெரிஞ்சுது. சிகரெட்.  சுவத்தை மோந்தேன், திரையை மோந்தேன். அப்புறம் கீழ எட்டிப் பாத்தேன்.

ஜின்-யே அக்கா. கட்டடத்து வாசல்ல, கூரைக்கு அடியில நின்னு, சிகரெட்டை ரெண்டு கையாலயும் நேரா, ஊதுபத்தி மாதிரி புடிச்சிருந்தாங்க.

ஜன்னலைச் சாத்திட்டு இறங்கிப் போனேன். என்னைப் பாத்ததும் சிகரெட்டைக் கைக்குள்ள மறைச்சாங்க.

"ரூம்ல கொளுத்தக்கூடாதுன்னு வீட்டுக்காரம்மா சொல்லிட்டாங்கம்மா. இன்னொரு தடவை பாத்தா காலி பண்ணச் சொல்லிடுவாங்க. அப்பாவைத் தூக்கிட்டு எங்க போவேன்? அவர் இந்த நேரத்துக்கு இங்க குடிச்சவர்தானே, இங்க நின்னு குடுத்தா அவருக்குத் தெரியும்னு..." அப்புறம் மேல பாத்தாங்க. "மேல வருதா?"

வரலைன்னு சொல்லியிருக்கலாம். அந்த மொகத்தைப் பாத்து சொல்றதுக்கு ரொம்ப சுலபமான வார்த்தை அது.

"வருதுக்கா. இருமுறான்."

அவங்க உடனே காலடியில போட்டு மிதிக்கப் போனாங்க. நான் கையைப் புடிச்சேன்.

"போடாதீங்க. வாங்க, அந்த வளைவுக்குப் போவோம். அங்க காத்து கடல் பக்கம் போகும்."

வளைவுல கூரை கிடையாது. என் குடையை விரிச்சு ரெண்டு பேருக்கும் நடுவுல புடிச்சேன், முக்காவாசி சிகரெட்டுக்குத்தான்.  கீழ கப்பல்ல வெளக்கு எரிய ஆரம்பிச்சுது. சிகரெட் முழுசா எரிஞ்சு முடியற வரைக்கும் நின்னோம்.

"நாளைக்கும் வரட்டா?"ன்னு கேட்டாங்க.

"இங்கேயே வாங்க. இதைத் தாண்டி வராதீங்க"ன்னேன்.

திரும்பி வந்தப்போ சிகரெட் வாசனை ஏறின மேல்கோட்டைக் கழட்டி, ரெண்டாவது மாடிக் கைப்பிடிக் கம்பியிலயே மாட்டிட்டு, மேல ஏறிப் போனேன்.