எட்டாத பெல்ட்

விமானத்தில் பெல்ட் விளக்கு எரிந்ததும் பயணிகளின் இடுப்பைப் பார்த்துக்கொண்டே நடப்பது என் வேலை. தூங்குவதுபோல் நடிப்பவர், தொளதொளவென்று மாட்டிக்கொண்டு என்னை முறைப்பவர், "இறங்கும்போது போட்டுக்கறேன் போம்மா" என்று எனக்கே பாடம் எடுப்பவர் என்று எல்லாரையும் பார்த்தாயிற்று. வருஷக்கணக்காகக் கெஞ்சி என் தொண்டைத் தண்ணி வற்றியதுதான் மிச்சம்.

அன்று முதல் வரிசையில், நடைபாதை ஓரத்தில் ஓர் அக்கா. நல்ல பருமன். மடியில் சால்வையை விரித்து, அதன்மேல் இரண்டு கைகளையும் வைத்திருந்தார். பெல்ட்டைக் கேட்டால், "போட்டாச்சும்மா" என்றார். சால்வைக்கு வெளியே கொக்கி தொங்கிக்கொண்டிருந்தது.

"இவளுக்கெதுக்குங்க பெல்ட்? பிளேனே கவுந்தாலும் இவ அசைய மாட்டா." பக்கத்தில் இருந்த அவர் கணவர்தான் சொன்னார். ஜன்னலோரத்துக்காரர் சிரித்தார். அக்காவும் சேர்ந்து சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பெல்ட் எட்டாதவர்களுக்கு அதோடு கோத்துக்கொள்ள ஒரு கூடுதல் துண்டு வைத்திருக்கிறோம். கண்ணைக் குத்துகிற ஆரஞ்சு நிறம். எந்தப் புண்ணியவான் தேர்ந்தெடுத்தானோ. அதைப் போர்வைக்குள் சுருட்டிக்கொண்டு போய், "குளிருதுன்னீங்களேக்கா" என்று நீட்டினேன். தொட்டதுமே அவருக்குப் புரிந்துவிட்டது. குனிந்து காதருகே சொன்னேன்: "ஒரு தடவை பிளேன் சட்டுனு கீழ இறங்கிச்சு. பெல்ட் போடாத ஒருத்தர் கூரையில போய் மோதினாரு. கழுத்தே போச்சு. என் கண்ணால பார்த்தேன்க்கா."

அவர் என் கையைப் பிடித்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பயமாத்தான் இருக்கும்மா. ஆனா முதல் தடவையா சம்பந்தி வீட்டுக்குப் போறோம். இவர் இதைப் பார்த்தார்னா அங்க எல்லார்கிட்டயும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். என் பொண்ணு அந்த வீட்டுலதான் இருக்கணும்." பிறகு போர்வையை என்னிடமே தள்ளிவிட்டு, சற்று உரக்கச் சொன்னார்: "குளிரலைம்மா."

சட்டம் பேசியாவது மாட்ட வைத்திருப்பேன். வாயைத் திறப்பதற்குள் பணியாளர்களும் உடனே உட்காரும்படி விமானியின் குரல் வந்தது. என் இருக்கை அவருக்கு நேர் எதிரே. என் தோள் பெல்ட்டுகளை இறுக்கிக்கொண்டேன். இனி நான் என்ன சொல்லி என்ன ஆகப்போகிறது.

விமானம் குலுங்கத் தொடங்கியது. கணவர் தன் பெல்ட்டை இன்னும் ஒரு இழுப்பு இறுக்கினார். அக்கா கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணோடே இடது கையை நீட்டி, கணவரின் நெஞ்சுக்குக் குறுக்கே வைத்து, அவர் எழும்பிவிடாமல் இருக்கையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார்.