சகாயமேரியின் நேர்காணல்

சகாயமேரி நேர்காணலுக்குள் போய் இன்றோடு பதினோரு நாள் ஆகிறது. நிஜ நேர்காணல்கூட இல்லை, பயிற்சிக்காக நடத்துவது. "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்பது முதல் கேள்வி. அவள் இன்னும் பதில் சொல்லவில்லை. ஆகவே இன்னும் எழுந்திருக்கவில்லை.

நானும் அவளும் ஏசி மெக்கானிக் பயிற்சியில் இருக்கிறோம். விடுதியில் ஒரே அறை. நேர்காணல் எடுக்கும் பிளேஸ்மென்ட் சார் மாலை ஐந்து மணிக்கு ஃபைலை மூடிவிட்டு வீட்டுக்குப் போவார். காலை ஒன்பதுக்கு வந்து ஃபைலைத் திறந்து, "ம், சொல்லுங்க" என்பார். கோபப்படவே மாட்டார். கோபப்படக் கூடாது என்று விதி இருக்கிறது.

மூன்று வேளையும் நான்தான் அவளுக்குத் தட்டு கொண்டுபோகிறேன். முதலில் விடுதி உப்புமாவைத் திட்டிக்கொண்டே சாப்பிடுவாள். ஆறாம் நாளிலிருந்து திட்டுவதில்லை.

இன்று காலை தட்டை வைத்ததும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏட்டி இசக்கி, என் பேரு சகாயமேரிதானே?"

"ஆமா."

"நல்லாத் தெரியுமா?"

"உன் பெட்டி மேல எழுதியிருக்கு."

"சரி," என்றாள். நம்பவில்லை என்று தெரிந்தது.

நான் வகுப்புக்குப் போகாமல் ஆலோசகரைத் தேடிக் கிளம்பினேன்.

ஆலோசனை அறை தாழ்வாரத்தின் கடைசியில் இருக்கிறது. ஒவ்வொரு புதிய பேட்ச் சேரும்போதும் தாழ்வாரம் நீளும். இந்த மாதம் நான்கு பேட்ச் சேர்ந்துவிட்டது. சுவர் முழுக்க "மனம் விட்டுப் பேசுங்கள்" என்று ஒட்டியிருந்தார்கள். பாதி வழியில் பிளம்பிங் பேட்ச் பெண்கள் இரண்டு பேர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள்.

"அறை திறந்திருக்கா?" என்று கேட்டேன்.

"தெரியல. நாங்க போன வாரம்தான் கிளம்பினோம்," என்றாள் ஒருத்தி.

நான் உட்காராமல் நடந்தேன். உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

அறை வாசலில் எழுத்தர் மாரிச்செல்வி அக்கா மேஜை போட்டிருந்தார்.

"யாருக்கு?"

"என் ரூம்ல இருக்கிற பிள்ளைக்கு."

"அவங்கதான் வரணும்."

"அவளால எந்திரிக்க முடியாது."

"அப்ப உனக்குன்னு எழுது."

"எனக்கு ஒண்ணும் இல்லக்கா."

"தராசுல ஏறு."

ஏசிக்கு கேஸ் நிரப்பும்போது சிலிண்டரை நிறுப்போமே, அந்தத் தராசு. உடம்பைக் கழித்துவிட்டு மனசில் இருக்கும் கனத்தை மட்டும் காட்டும்படி மாற்றியிருந்தார்கள். மூன்று கிலோ இருநூறு கிராம் காட்டியது.

"நாலு இருந்தாத்தான் உள்ள விட முடியும். எண்ணூறு குறையுதே," என்றார் அக்கா. வருத்தமாகத்தான் சொன்னார்.

ஜூன் மாதத்திலிருந்து வீட்டுக்கு போன் பண்ணும்போதெல்லாம் நான் "நல்லா இருக்கேன்" என்று சொன்னதை ஒவ்வொன்றாக நினைக்கத் தொடங்கினேன். ஜூலை முடிவதற்குள் நாலரையைத் தாண்டிவிட்டது.

"போதும், இறங்கு. தராசு போயிரும்."

ஆலோசகர் பதவி அரைப் பணியிடம். அதனால் ஹெப்சி மேடத்தின் இடது பாதிதான் எங்களுக்கு. வலது பாதி வேறு ஊர் மையத்தில் இருக்கிறது. இல்லாத பக்கத்தைச் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தார். கண்ணுக்குக் கீழே கருவளையம். அவருக்கு வாக்கியங்களும் பாதிதான் வரும்.

"உட்காரும்மா. எத்தனை நாளா..."

"பதினோரு நாள், மேடம்."

"சாப்பாடெல்லாம்..."

"சாப்பிடுறா. ஆனா திட்டுறது இல்ல."

"எதை?"

"உப்புமாவை."

அந்த ஒற்றைக் கண் என்னையே பார்த்தது. "முதல்லயே வந்து சொல்லி..." என்று ஆரம்பித்தார். நிறுத்தினார். பிறகு, "இல்ல. நான்தான் வந்திருக்கணும்," என்றார். அது முழு வாக்கியம். சொல்லி முடித்ததும் அவருக்கு மூச்சு வாங்கியது.

சுவரைப் பிடித்து எழுந்தார். மாரிச்செல்வி அக்கா குறுக்கே வந்தார்.

"மேடம், டூட்டி நேரத்துல ரூமை விட்டுப் போனா அரைப் போஸ்டைக் கால் போஸ்டாக்கிருவாங்க."

"கால் இருந்தாலும் போவ..." என்றார் மேடம்.

என் தோளைப் பற்றிக்கொண்டு ஒற்றைக் காலில் குதித்து வந்தார். பாதி ஆளுக்குப் பாதி கனம்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. இரண்டு தடவை சுவரில் சாய்ந்து நின்றோம். எனக்கும் அப்படியே கண்ணை மூடிக்கொள்ளலாம் போலிருந்தது. பிளம்பிங் பெண்களைப் பார்த்ததும் மேடம் நின்று அவர்கள் பெயரைக் கேட்டார். அவர்கள் பெயரைச் சொன்னார்கள். பிறகு எழுந்து எங்கள் பின்னால் நடந்தார்கள். அவர்களைப் பார்த்து மற்ற கதவுகளிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள்.

நேர்காணல் அறைக்குள் நானும் மேடமும் மட்டும் நுழைந்தோம்.

"கேண்டிடேட் மட்டும்தான் இருக்கலாம்," என்றார் பிளேஸ்மென்ட் சார்.

மேடம் என் தோளிலிருந்து கையை எடுத்தார். சகாயமேரியின் நாற்காலியை ஒட்டித் தரையில் உட்கார்ந்தார்.

"ம், சொல்லுங்க," என்றார் சார், சகாயமேரியிடம்.

மேடம் கையை உயர்த்தினார். சார் நிறுத்திக்கொண்டார். மேடமும் எதுவும் கேட்கவில்லை. மின்விசிறி சுற்றியது. வெகுநேரம் கழித்து சகாயமேரி குனிந்து பார்த்தாள்.

"நீங்க யாரு?"

"ஹெப்சி. பாதிதான்."

"மிச்சம்?"

"வேற ஊர்ல."

"எனக்கும் அப்படித்தான்," என்றாள் சகாயமேரி.

பிறகு யாரையும் பார்க்காமல் பேசினாள். "மே மாசத்துல இருந்து தூக்கமே வரல, மேடம். வேலை கிடைக்காதோன்னு பயமா இருக்கு. கிடைச்சிருமோன்னும் பயமா இருக்கு. ஸ்க்ரூ கழட்டும்போதெல்லாம் கை நடுங்குது. பாத்தா சிரிப்பாங்கன்னு பாக்கெட்டுல விட்டுக்கிடுவேன்."

நான் தினமும் அவள் பக்கத்தில்தான் நின்று ஸ்க்ரூ கழற்றினேன். கவனித்ததில்லை.

சார் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

"இது பதில்தானே, சார்?" என்று கேட்டேன்.

அவர் படிவத்தை முன்னும் பின்னும் புரட்டினார். "இதுக்குக் கட்டம் இல்லையே," என்றார். கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு ஸ்கேலை வைத்து ஓரத்தில் ஒரு கட்டம் போட்டார்.

சகாயமேரி நாற்காலியிலிருந்து சரிந்து தரைக்கு வந்தாள். மேடத்தின் ஒற்றைத் தொடையில் தலையை வைத்தாள். உடனே தூங்கிவிட்டாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. மேடம் அவள் நெற்றியில் கையை வைத்தார்.

வெளியே தாழ்வாரத்தில் பேச்சுச் சத்தம் கூடிக்கொண்டே வந்தது. சார் ட்யூப்லைட்டை அணைத்தார். ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு அடிமேல் அடி வைத்துக் கதவருகே போனார். கதவை ஒரு கையகலம் திறந்தார்.

"சத்தம் போடாதீங்கம்மா," என்றார் ரகசியமாக. "உள்ள இன்டர்வியூ நடக்குது."