அட்டைக்கு ஆகாத முகம்

தாடையைச் சுற்றித் துணி கட்டியவர்கள் முடிச்சை இடது காதுக்கு மேலே கொண்டுபோய்ப் போட்டிருந்தார்கள். மாதேஸ்வரனுக்கு அது உறுத்தியது. உச்சந்தலைக்கு நேராக, நடுவில் வந்திருக்க வேண்டும். செத்தவனின் வாய்க்கட்டைக்கூட ஒழுங்காகக் கட்டத் தெரியாத ஜனங்கள் என்று நினைத்தபடி வாசலுக்கு வந்தான்.

வாசலில் பாய்மேல் காய்ந்துகொண்டிருந்த மிளகை ஓரமாக ஒதுக்கிவிட்டுப் பெண்கள் ஒப்பாரி வைத்தார்கள். ஒருத்தி குரலை ஏற்றினால் இன்னொருத்தி இறக்கினாள். சேலத்துக் காலேஜில் சங்கீத சபைக் கச்சேரிகளைக் கேட்டுப் பழகிய காது அவனுடையது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான்.

செத்துப்போனவன் அவன் அக்காள் அம்சவேணியின் புருஷன் அப்பாசாமி. பலாமரத்தில் ஏறிய மிளகுக் கொடிக்கு மூங்கில் ஏணி சாத்தி, பாடிக்கொண்டே பறித்திருக்கிறான். ஏணி சரிந்து பாறைமேல் விழுந்தவன் எழுந்திருக்கவில்லை. பாடாமல் பறித்திருந்தால் விழுந்திருக்கமாட்டான் என்பதில் மாதேஸ்வரனுக்குச் சந்தேகமே இல்லை. அதைப் பாட்டு என்று சொன்னவனும் மாமன் ஒருவன்தான். எதிர்ச் சரிவில் மேயும் மாடுகள் தலையைத் தூக்கிப் பார்க்கும். அப்படி ஒரு கத்தல்.

"நானும் பாட்டுக்காரந்தான் மாப்ளே. உங்க பாட்டுப் பொஸ்தவத்து அட்டையில என் படத்தப் போடறதுதானே!" என்பான் ஒவ்வொரு லீவுக்கும்.

பாட்டுப் பொஸ்தவம் என்று அவன் சொன்னது சபையின் கையெழுத்துப் பத்திரிகையான 'நாதக்கொடி'யை. மாதம் ஒரே ஒரு பிரதி. கையால் எழுதித் தைத்தால் காலேஜ் முழுக்கச் சுற்றும். கட்டுரை எழுத ஆட்கள் இருந்தார்கள். பக்கம் பிரிப்பது, தலைப்பு தீட்டுவது, படம் போடுவதெல்லாம் மாதேஸ்வரன்.

முதல் இதழை நினைத்தால் இப்போதும் கூசியது. தலைப்பின் கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் ஓரத்தில் நசுக்கியிருந்தான். நாலு மூலையிலும் மயில். வீணையோ, பூசணிக்காயில் உலக்கையைச் செருகியது போல இருந்தது. அப்புறம்தான் கற்றுக்கொண்டான். பென்சிலால் கோடு போட்டு, எழுத்துகளுக்கு இடம் பார்த்துவிட்டே மையைத் தொட்டான். லைப்ரரியில் இங்கிலீஷ் பத்திரிகைகளைப் புரட்டி, பக்கத்தை இரண்டு பத்தியாகப் பிரித்தான். மயில்களைத் துரத்தினான். கீர்த்தனையின் வரிக்கு நேர் கீழே ஸ்வரம் பிசகாமல் நிற்கக் கட்டம் கட்டினான். வித்வான்களின் முகங்களை நிழல் கொடுத்து வரையப் பழகினான். கடைசியில், ஓரமாக ஒற்றைத் தம்புராவை நிறுத்திவிட்டு அட்டையின் மீதி இடத்தை வெறுமையாக விட்டான். சபைச் செயலாளர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். அதுதான் அவனுக்குக் கிடைத்த பெரிய பாராட்டு.

அதே அட்டையைப் பார்த்துத்தான் மாமன் கேட்டான்: "ஏன் மாப்ளே, இத்தன எடம் சும்மா கெடக்குது? செர்மன் சண்டைக் காலத்துல காயிதமே கெடைக்கலீங்கறாங்க. மொதப் பொஸ்தவத்துல மயிலு எத்தன சோக்கா இருந்துச்சு!" சொல்லிக்கொண்டே, மிளகு உதிர்த்த விரலால் தம்புராவைத் தடவினான். மாதேஸ்வரன் வெடுக்கென்று பிடுங்கி டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினான். காட்டானுக்கு என்ன தெரியும்!

"கண்ணு, இங்க வா."

அம்சவேணி உள்ளேயிருந்து கூப்பிட்டாள். அவள் அழவில்லை. புருஷனின் தலைமாட்டில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அவரு போட்டா ஒண்ணும் எடுத்ததில்ல. நீ ஒரு படம் போட்டுக் குடு சாமி. குழிக்குக் கொண்டு போறதுக்குள்ள போட்டுரு."

"இப்பவா அக்கா?"

"பின்ன எப்ப?"

மாதேஸ்வரன் மையும் நிப்பும் எடுத்து வந்தான். லீவுக்குக் கொண்டுவந்திருந்த டிரங்குப் பெட்டியில் மாசி இதழின் அட்டைக்கென்று சேலம் முழுக்க அலைந்து வாங்கிய தடித்தாள் இருந்தது. அதைத் தொடாமல் சாதாரணத் தாளை எடுத்துக்கொண்டான். இதற்கு இது போதும். பிணத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, அதிகம் நிமிர்ந்து பார்க்காமலே போட்டான். அகன்ற நெற்றி, படியச் சீவிய முடி, அமைதியாக மூடிய உதடு, கன்னத்தில் நிழல். கை தானாக ஓடியது.

எட்டிப் பார்த்த ஊர்க்காரர் குழந்தைசாமி, "அச்சு அசலா அப்படியே இருக்குதுங்களே!" என்றார். கழுதையைப் போட்டிருந்தாலும் இப்படித்தான் சொல்வார் என்று மாதேஸ்வரன் உதட்டைச் சுழித்தான்.

அம்சவேணி படத்தை வாங்கிப் பார்த்தாள். "இது யாரு?"

"மாமாதான்."

"நல்லாத்தான் இருக்காரு, கச்சேரி பண்றவராட்டம். ஆனா, இவர எனக்குத் தெரியாது கண்ணு."

அவனுக்குச் சுருக்கென்றது. "எது சரியில்லீன்னு சொல்லு" என்றான் இளக்காரமாக.

"வாய மூடி வெச்சிருக்கறே. அவரு என்னைக்கு வாய மூடுனாரு? தூங்கறப்பக்கூட மூடமாட்டாரு."

மாதேஸ்வரன் பிணத்தின் பக்கம் திரும்பினான். துணி தாடையை இறுக்கிப் பிடித்திருந்தது. திறந்த வாயை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தான். கத்தல் வந்தது, முகம் வரவில்லை. மாமன் பாட ஆரம்பித்ததும் எழுந்து போவதே அவன் வழக்கம். ஒரு பல் விழுந்திருந்தது என்று மட்டும் தெரியும். எந்தப் பல்?

வெளியே பாடை கட்டி முடித்துவிட்டார்கள். "நேரமாகுதுங்க" என்று குழந்தைசாமி குரல் கொடுத்தார்.

"கொஞ்சம் பொறுங்க."

பெட்டியைத் திறந்து தடித்தாளை எடுத்து வந்தான்.

"அக்கா, எந்தப் பல்லு இல்ல?"

அவள் தன் வாயைத் திறந்து, மேல் வரிசையில் விரலை வைத்துக் காட்டினாள். "பாடறப்ப கழுத்து நரம்பு ரெண்டும் பொடைச்சுக்கும். இந்தக் கண்ணு மட்டும் சின்னதாயிரும். தலைய இப்புடி அண்ணாந்துக்குவாரு."

அவள் அண்ணாந்து காட்டினாள். அவன் பென்சில் கோடு போடவில்லை. மையிலேயே ஆரம்பித்தான். நரம்பு ஒன்று கோணிக்கொண்டு போயிற்று, அப்படியே விட்டான். வாய் பெரிதாகப் பெரிதாக முகத்துக்கு இடம் பற்றவில்லை. ஒரு காது தாளுக்கு வெளியே போய்விட்டது. சபைச் செயலாளர் பார்த்தால் சிரித்துவிட்டுக் கிழித்துப் போடுவார். எந்தப் பத்திரிகை அட்டைக்கும் ஆகாது. படத்தை அக்காளிடம் நீட்டினான்.

அம்சவேணி பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. களுக்கென்று வந்த அந்தச் சத்தத்தில் வாசலில் ஒப்பாரி நின்று, பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"கத்தறாரு பாரு" என்றாள்.

ஆண்கள் உள்ளே வந்து பிணத்தைத் தூக்கினார்கள். மாதேஸ்வரன் கால் பக்கம் பிடித்தான். "மை காயல, தொட்டுராத அக்கா" என்றான்.

மேளம் கிளம்பிப் பலாமரங்களைத் தாண்டித் தேய்ந்துகொண்டே போயிற்று. அம்சவேணி தாளின் ஓரங்களை இரண்டு கையாலும் பிடித்து முகத்தருகே வைத்துக்கொண்டு, தூசி விழுந்த கண்ணில் ஊதுவதுபோல, மெல்ல ஊதிக்கொண்டிருந்தாள்.