இன்ஜினியருக்குக் காப்பு

இன்ஜினியர் என்பது எங்கள் நாயின் பெயர். நான் வைத்ததல்ல, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோச்சடையில் எங்கள் தெருவில் எங்கே பள்ளம் கிடந்தாலும் அது அவன் தோண்டியதுதான். தோண்டுவான், மூடமாட்டான், அடுத்த இடத்துக்குப் போய்விடுவான். தெருக்காரர்கள் வயிறெரிந்து வைத்த பெயர் அது. நான் ஆசை ஆசையாக வைத்த 'சிம்பா' என்ற பெயரை ஒரு ஆள்கூடக் கூப்பிட்டதில்லை. அவனும் திரும்பிப் பார்த்ததில்லை.

பள்ளத்தோடு விட்டிருந்தால் பரவாயில்லை. செருப்பு! வாசலில் ஜோடியாகக் கிடக்கும் செருப்பில் ஒன்றை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடுவான். இரண்டையும் எடுத்தாலாவது தொலைந்தது என்று புதிதாக வாங்கிக்கொள்ளலாம். ஒன்றை விட்டுவைத்தால் மனுஷன் என்ன செய்வான்? தேடிக்கொண்டே இருப்பான். தேடுகிறவர்கள் எல்லாம் கடைசியில் வந்து நிற்பது என் முன்னால்தான்.

சித்திரைக் கடைசியில் என் அக்கா தமிழ்ச்செல்வியைப் பெண் பார்க்க ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்தார்கள். கேசரி, வடை, காபி எல்லாம் முடிந்து கும்பிட்டு விடைபெற்று வெளியே வந்தால், வாசலில் ஆளுக்கு ஒற்றைச் செருப்பு கிடக்கிறது. மாப்பிள்ளையின் அப்பா ஒரு காலில் செருப்பும் ஒரு காலில் ஒன்றுமில்லாமலும் வேன் வரைக்கும் நொண்டிக்கொண்டே போனார். நல்ல மனிதர், சிரித்துக்கொண்டேதான் போனார். சம்பந்தமும் கூடிவிட்டது. ஆனால் என் அப்பாவுக்கு மானம் போய்விட்டது.

"சம்பந்தி வீட்டாளுகளை வெறுங்காலோட அனுப்புன வீடுன்னு ஊரே சொல்லுது. போதும். அண்ணே தோட்டத்துல கொண்டுபோயி விட்ருவோம்" என்றார்.

பெரியப்பாவின் தென்னந்தோப்பு உசிலம்பட்டிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அங்கே நாயைச் சங்கிலியில் கட்டிப் போட்டுவிட்டு வாரத்துக்கு ஒருமுறைதான் பெரியப்பா போவார். மற்ற நாட்களில் காவல்காரர் மனது வைத்தால்தான் சோறு. இன்ஜினியரைப் போய் அங்கே கட்டுவதா? நான் அழுதேன், சாப்பிடாமல் கிடந்தேன், கத்தினேன். எனக்கு அவன் வேண்டும். கழுதை, எவ்வளவு பாடுபடுத்தினாலும் அவன் இல்லாத வீட்டுக்குள் என்னால் நுழைய முடியாது.

அப்பா கடைசியில் ஒரு வழிக்கு வந்தார். வைகாசியில் திண்டுக்கல்லில் நாட்டு நாய்களுக்கு ஒரு போட்டி. சொன்னபடி கேட்கும் நாய்க்குச் சான்றிதழ் தருகிறார்கள். "அதுல ஒண்ணு வாங்கிட்டு வா, வீட்டுல இருக்கட்டும். இல்லேன்னா மறுநாளே பெரியப்பா வண்டி வரும். பேசுன பேச்சு பேசுனதுதேன்" என்றார்.

பிளஸ் டூ முடித்த விடுமுறையில் மற்ற பெண்கள் கொடைக்கானல் போனார்கள். நான் கத்திரி வெயிலில் வைகைக் கரைக்குப் போனேன், தினமும், ஒரு நாயையும் இரண்டு நண்பர்களையும் இழுத்துக்கொண்டு. இந்த மூன்று பேரில் யார் அதிகம் சொன்ன பேச்சு கேட்கமாட்டார்கள் என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை.

இந்துப்ரியா அடுத்த தெரு. அவளுக்கு ரீல்ஸ் பைத்தியம். நாய் உட்கார்ந்தால் எடுப்பாள், உட்காராவிட்டாலும் எடுப்பாள், நான் வழுக்கி விழுந்தால் ஓடி வந்து பக்கத்தில் நின்று எடுப்பாள். அவள் வீட்டில் சௌராஷ்டிரம் பேசுவார்கள். நான் தொண்டை கிழியத் தமிழில் "உக்காரு, உக்காரு" என்று கத்துவேன். நாய் என்னை வேடிக்கை பார்க்கும். அவள் செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல் அவள் பாஷையில் ஒரே ஒரு அதட்டல் போடுவாள். பொத்தென்று உட்காருவான். எனக்கு வருமே ஆத்திரம்!

அழகுராஜா எதிர்வீடு. அவனுக்கு வாரத்துக்கு ஒரு பொழுதுபோக்கு. புறா வளர்த்தான், பூனை தின்றது. மீன் தொட்டி வைத்தான், தொட்டி உடைந்தது. இந்தக் கோடையில் நாய்ப் பயிற்சி என்று என்னோடு சேர்ந்துகொண்டான். பயிற்சிக்கு நான் கொண்டுபோகும் கோழி ஈரலை நாய்க்குக் கொடுப்பதற்குள் ஆற்றில் தவறவிட்டு, அதை எடுக்கப் போய் முழங்கால் வரை சேற்றில் நிற்பான். "நீ ஒண்ணும் செய்யாம சும்மா நில்லு, அதுவே பெரிய ஒத்தாசை" என்று சொல்லியிருக்கிறேன். கேட்டால்தானே.

அப்படியும் ஒருவழியாக இன்ஜினியர் கற்றுக்கொண்டான். ஈரலைக் காட்டினால் உட்காருவான், நிற்பான், கூப்பிட்டால் வருவான். செருப்பைப் பார்த்தால் மட்டும் ஒரு நிமிடம் யோசிப்பான். அந்த ஒரு நிமிடமே எனக்குப் பெரிய வெற்றி. ஞாயிற்றுக்கிழமை போட்டி. அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை எங்கள் காளியம்மன் கோயில் பொங்கல் திருவிழாவுக்குக் காப்புக்கட்டு.

அப்பா தீச்சட்டி எடுப்பதாக நேர்ந்திருந்தார். பூசாரி பேயாண்டி தாத்தா வரிசையாக ஒவ்வொருவர் கையிலும் மஞ்சள் கிழங்கு முடிந்த கயிற்றைக் கட்டிக்கொண்டு வந்தார். காப்புக் கட்டிவிட்டால் கவிச்சி கூடாது, கட்டிலில் படுக்கக் கூடாது, காலில் செருப்புக் கூடாது, காப்பு அவிழ்க்கும் வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. இதெல்லாம் எங்கள் தெருவில் கைக்குழந்தைக்கும் தெரியும். நான் பானகம் வாங்கப் போனேன். ஒரு டம்ளர் பானகம் வாங்கிவிட்டுத் திரும்புவதற்குள் என் தலையில் கல்லைப் போட்டுவிட்டார்கள்.

இன்ஜினியர் கோயில் வாசலில் கம்பீரமாக உட்கார்ந்திருக்கிறான். கழுத்தில் மஞ்சள் கயிறு. இந்து படம் எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

"டேய் அழகா, என்னடா இது?"

"காப்பு. தட்டுல ஒண்ணு மிச்சம் இருந்துச்சு. ஞாயித்துக்கெழமை செயிக்கணும்னு நல்லாக் கும்புட்டுட்டுத்தேன் கட்டுனேன்" என்றான். முகத்தில் அப்படி ஒரு பெருமை!

நான் அவிழ்க்கக் கையை நீட்டினேன். அதற்குள் பின்னாலிருந்து பக்கத்து வீட்டு ஒச்சாயி அத்தையின் குரல். "ஆத்தீ! இன்ஜினியருக்குக் காப்புக் கட்டிட்டாய்ங்க! ஏத்தா, தொடாத, நடுவுல அவுத்தாக் குத்தமாயிரும்!" ஒச்சாயி அத்தை பேசினால் ஆற்றுக்கு அக்கரையில் கேட்கும். கூட்டம் கூடிவிட்டது. பேயாண்டி தாத்தா வந்து குனிந்து கயிற்றைப் பார்த்தார்.

"அம்மன் காலடியில வச்ச கயிறுதேன்" என்றார். "கட்டுனது கட்டுனதுதேன்."

"தாத்தா, இது நாய்!"

"தெரியுதுத்தா. அதுக்கும் உசுரு இருக்குல்ல?"

"ஞாயித்துக்கெழமை திண்டுக்கல் போகணும் தாத்தா. சாயங்காலமே கூட்டியாந்துருவேன்."

"எல்லைன்னா எல்லைதேன். காப்பு அவுக்குறவரைக்கும் எங்கிட்டும் போகக் கூடாது. அந்திக்கு அந்தி கோயிலுக்குக் கூட்டியா."

அழகுராஜா என் முகத்தைப் பார்த்துவிட்டு ஓடினான். நானும் துரத்தினேன். இந்து எங்கள் இருவருக்கும் பின்னால் படம் எடுத்துக்கொண்டே ஓடி வந்தாள். இன்ஜினியருக்கு அது ஒரு விளையாட்டு.

மறுநாளிலிருந்து வீட்டில் அவனுக்குத் தயிர்சோறு. ஈரல் கிடையாது, எலும்பு கிடையாது. அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். தட்டை ஒரு முறை முகர்ந்து பார்த்துவிட்டு, நான்தான் ஏதோ சதி செய்துவிட்டதுபோல என்னை நிமிர்ந்து பார்த்தான். தயிர்சோற்றைக் காட்டி "உக்காரு" என்றால் எந்த நாய் உட்காரும்? ஒரு மாதப் பயிற்சி இரண்டே நாளில் போயே போயிற்று. போதாக்குறைக்கு, காப்புக் கட்டியவர்கள் எல்லாரும் வெறுங்காலில் நடந்ததால் தெரு முழுக்க வாசலில் செருப்புகள் சும்மா கிடந்தன. அவன் சும்மா விடுவானா? "காப்பு கட்டிட்டு செருப்பை வாயில கவ்வுறான் பாரு" என்று தெருவே என்னைத்தான் வைதது. நான்தானே பொறுப்பு! வீடு வீடாகப் போய்ச் செருப்புகளை எடுத்துப் பரணில் வைக்கச் சொல்லிக் கெஞ்சினேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. திண்டுக்கல் பேருந்து எங்களை விட்டுவிட்டுப் போனது.  அழகுராஜா ஜன்னலுக்கு வெளியே நின்று மன்னிப்புக் கேட்டான், ஜன்னலைச் சாத்தினேன். சாயங்காலம் அப்பா போனில் பேசுவது கேட்டது. "ஆமாண்ணே, போட்டிக்குப் போகல. நாளைக்கு வண்டியக் கொண்டாங்க." பக்கத்தில்தான் இன்ஜினியர் அப்பாவின் பாதத்தில் மோவாயை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். 

திங்கள்கிழமை காலையில் பெரியப்பாவின் குட்டியானை வேன் வந்து நின்றது. பின்னால் சங்கிலியெல்லாம் தயாராகக் கிடந்தது. நான் இன்ஜினியரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். வருகிறது வரட்டும், என்னையும் சேர்த்துத் தூக்கட்டும் என்று.

பெரியப்பா இறங்கி வந்தார், அவன் கழுத்தைப் பார்த்தார், அப்படியே இரண்டடி பின்வாங்கினார்.

"என்னடா தம்பி, காப்புல கெடக்கு?"

"அது பயலுக விளையாட்டுக்குக் கட்டுனதுண்ணே" என்றார் அப்பா.

அவ்வளவுதான், பக்கத்து வாசலில் இருந்து ஒச்சாயி அத்தை பிடித்துக்கொண்டார். "வெளையாட்டா? அம்மன் கயிறு வெளையாட்டா? காப்புக் கட்டுன உசுர எல்லை தாண்டி ஏத்திக்கிட்டுப் போகப் போறீகளா? நல்லா இருக்கே ஞாயம்! நீங்களும் கையில கட்டித்தேன் இருக்கீக, நீங்க போவீகளா உசிலம்பட்டிக்கு?"

அப்பா தன் கையிலிருந்த கயிற்றைப் பார்த்தார். பெரியப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டார். "நான் ஏத்த மாட்டேஞ்சாமி. காப்பு அவுத்ததும் சொல்லு, வாரேன்."

எந்தக் கயிறு என்னை இத்தனை நாள் பாடாய்ப் படுத்தியதோ, அந்தக் கயிறே அவனைக் காப்பாற்றிவிட்டது. சந்தோஷப்படுவதா, அழகுராஜாவைத் தேடிப்போய் இன்னொரு முறை துரத்துவதா என்று தெரியவில்லை. ஜன்னலை மட்டும் திறந்து வைத்தேன். ஆனால் நிம்மதி எங்கே? காப்பு அவிழ்க்க இன்னும் சில நாட்கள்தான் இருந்தன.

அந்தி நேரத்தில் அவனைக் கோயிலுக்குக் கூட்டிப் போகும் வேலை, அதுவரை நான் பார்த்தது, அன்றிலிருந்து அப்பாவின் தலையில் விழுந்தது. இரண்டு பேருமே காப்புக் கட்டியவர்கள், போகிற இடமும் ஒன்றுதான். முதல் நாள் சங்கிலியைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துப் போனார். இரண்டாம் நாள் சங்கிலி தொங்கிக்கொண்டு போனது. அதற்கடுத்த நாள் சங்கிலியே இல்லை. இருவரும் வெறுங்காலோடு பக்கத்தில் பக்கத்தில் நடந்து போனார்கள், திரும்பி வரும்போது டீக்கடையில் ஆளுக்கொரு பன் தின்றார்களாம். கோயிலில் அப்பா கண்ணை மூடிக் கும்பிட்டால் இவன் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறானாம். யாரும் சொல்லாமலே! ஈரல் இல்லாமலே! இதை இந்து ரீல்ஸாகப் போட, ஊரே பார்த்தது. நான் மூக்கைச் சிந்திக்கொண்டு வைகைக் கரையில் கற்றுக்கொடுத்ததற்கு ஒரு நாள் இப்படி உட்கார்ந்திருப்பானா? துரோகி.

தீச்சட்டி முடிந்தது, முளைப்பாரி கரைத்தார்கள், காப்பு அவிழ்க்கிற நாளும் வந்தது. வேட்டுச் சத்தத்துக்குப் பயந்து இன்ஜினியர் எங்கேயோ போய் ஒளிந்துகொண்டான். எல்லார் காப்பும் அவிழ்ந்தது, அவனுடையது மட்டும் அவிழவில்லை. "கெடக்கட்டும், மெதுவா அவுத்துக்கலாம்" என்று பேயாண்டி தாத்தா சொல்லிவிட்டார். 'மெதுவா' என்றால் எப்போது? பெரியப்பா தினமும் போன் போட்டுக் கேட்டார். 

ஒரு வாரம் போயிருக்கும். காலையில் எழுந்து முற்றத்துக்கு வந்தால், படியோரம் கடித்துக் குதறிய மஞ்சள் கயிறு கிடக்கிறது. கிழங்கைக் காணோம், தின்றுவிட்டிருக்கிறான். பாவி! கழுத்தில் கிடந்த ஒரே காவலையும் தானே கடித்துத் தின்றால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது? அப்பா பார்ப்பதற்குள் வேறு கயிறு தேட வேண்டும் என்று கொல்லைப்பக்கம் ஓடினேன்.

அப்பா அங்கேதான் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். காதுக்கும் தோளுக்கும் நடுவில் போன். இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இன்ஜினியர். கையில் புதுக் கயிறு, அதில் கிழங்கை முடிந்துகொண்டே பேசிக்கொண்டிருந்தார். "இல்லண்ணே, இன்னும் அவுக்கல… பூசாரி வரணும்ல… நான் என்ன பொய்யா சொல்றேன்? இந்தா, இப்பக்கூட கழுத்துலதேன் கெடக்கு." முடிச்சை இறுக்கிவிட்டுப் போனை வைத்தார். "எளவெடுத்த பயலே, இது மூணாவது கயிறுடா" என்று அவன் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். அவன் அப்பாவின் ஒற்றைச் செருப்பை வாயில் வைத்துக்கொண்டு வாலை ஆட்டினான்.

அப்பா திரும்பினார், என்னைப் பார்த்தார். 

"என்ன பாக்குற?" என்று என்மேல் எரிந்து விழுந்தார். "மஞ்சக் கெழங்கு தீந்துபோச்சு. அம்மாட்டச் சொல்லி நெறைய வாங்கி வையி."