ஊமைக்கல்லுக்கு வராமல் போன ஜனவரி

1979ஆம் ஆண்டு ஊமைக்கல் தேயிலைத் தோட்டத்துக்கு ஜனவரி மாதம் வரவில்லை. டிசம்பர் முப்பத்தொன்று ஞாயிற்றுக்கிழமை படுத்தவர்கள் எழுந்தபோது பெப்ரவரி முதலாம் தேதி, வியாழக்கிழமை. பக்கத்து ஊரான ஹல்துமுல்லைக் கடைத்தெருவில் ஜனவரி வழக்கம்போல் வந்து, பொங்கலும் பொங்கி முடிந்து போயிருந்தது. ஊமைக்கல்லில் பச்சரிசி வாங்கி வைத்தவர்கள் அதை வெறும் சோறாக வடித்துச் சாப்பிட்டார்கள். எல்லாருக்கும் நகம் ஒரு மாதத்துக்கு வளர்ந்திருந்தது. யாரும் பெரிதாக அலறவில்லை. நாள்கள் காணாமல் போவது அந்தத் தோட்டத்தில் ஒன்றரை வருடமாக நடந்துகொண்டிருந்த காரியம். ஒரு முழு மாதம் ஒரே மூச்சில் போனதுதான் புதிது.

இதற்குக் காரணம் தோட்டக் கணக்கு எழுதும் பெரிய கிளாக்கர் எட்வர்ட். அவர் ஒரு சதம்கூடத் திருடியவர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கொழுந்து எடுத்த தாய்க்கு கூலிவரிசை வீடான லயத்தின் ஒற்றை அறைக் காம்பிராவில் பிறந்து, ஆபீஸ் நாற்காலி வரைக்கும் ஏறிய முதல் ஆள் அவர்தான். ஏறியவனுக்குத்தானே விழுகிற பயம். தோட்டங்களை அரசாங்கம் எடுத்த மறுவருடம் கொழும்பிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது: குறித்த அளவு தேயிலைத்தூள் காட்டாத தோட்டங்களில் நட்டத்தில் ஓடும் டிவிசன்கள் மூடப்படும், ஆட்கள் வேறு தோட்டங்களுக்கு அனுப்பப்படுவார்கள். ஊமைக்கல்லில் நட்டத்தில் ஓடுவது கீழ் டிவிசன். நாற்பத்து மூன்று குடும்பங்கள். அதில் ஒன்று எட்வர்டின் மகள் பிரான்சிஸ்காவுடையது. அவள் புருஷன் யாகோப்பு அங்கே தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக்காரன். 1976 ஆகஸ்டில் ஊவாக் காற்று கொழுந்தைக் கருக்கிவிட, மாதக் கடைசியில் இரண்டாயிரம் றாத்தல் தூள் குறைந்தது. பேக்டரியில் டீமேக்கராக இருந்த சிவஞானம்தான் வழி சொன்னார்.

"ரெண்டு நாள் கொழுந்துதானே கிளாக்கர். செடியிலதான் நிக்குது, எங்க ஓடப்போகுது? இப்பவே எழுதிப்புட்டு அடுத்த மாசம் சரிக்கட்டிக்குவோம்."

எட்வர்ட் எழுதினார். செப்டம்பர் முதலாம் தேதி பெண்கள் கூடையோடு மலைக்குப் போனபோது செடிகளில் கொழுந்து இல்லை. யாரோ நேற்றே வந்து, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகப் பதமாகக் கிள்ளிப் போனதுபோல் இருந்தது. இரண்டாம் தேதியும் அப்படியே. கங்காணி எல்லாருக்கும் அரைப்பேர் போட்டு, பாதிக் கூலியோடு அனுப்பினார். மூன்றாம் தேதி கொழுந்து பழையபடி வந்துவிட்டது. ஆனால் இரண்டு நாள் குறைந்த மாதம் மறுபடியும் குறையத்தானே செய்யும்? அந்த மாதக் கடைசியில் ஐந்து நாளை முன்கூட்டியே எழுத வேண்டியதாயிற்று.

ஒரு வருடம் கழிந்ததும் நாள்களே வருவதை நிறுத்திக்கொண்டன. கொழுந்து இல்லாத நாள் எதற்கு என்று அவற்றுக்கே தோன்றியிருக்கலாம். முப்பதாம் தேதி படுத்தால் ஏழாம் தேதி விடியும். மாதாமாதம் சீலை மூட்டையோடு வரும் ஜுனைதீன் முதலாளி, ஒரு தடவை தோட்டத்துப் பாதை முடிகிற இடத்தில் வெறும் பனியைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனதாகச் சொன்னார். வராத நாள்களில் யாருக்கும் பசிக்கவில்லை, கூலியும் இல்லை. இதைத் தோட்டத்தை நடத்தும் துரை ஒரு சிக்கனமாகவே கருதினார். கணக்கில் ஊமைக்கல் தழைத்தது. கொழும்பிலிருந்து வந்த கணக்குப் பரிசோதகர் எட்வர்டின் கையெழுத்தழகைப் பாராட்டி, கோழிக்கறி சாப்பிட்டுப் போனார். தோட்டத்துக்கு ஒரு கேடயம் கிடைத்தது. கேடயத்தோடு, அடுத்த வருடம் பத்தில் ஒரு பங்கு கூடுதலாகக் காட்ட வேண்டும் என்ற கட்டளையும் வந்தது. முதலில் பயத்தால் எழுதியவர், பிறகு துரை உட்காரச் சொல்லிப் பேசுகிற மரியாதைக்காகவும் எழுதினார். அந்தக் கணக்குப் புத்தகத்தை அவரைத் தவிர யாரும் வரிவரியாகப் படிக்கவுமில்லை. கீழ் டிவிசனைக் காப்பாற்றுகிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மனிதன் தன்னை ஏமாற்றிக்கொள்ள ஆரம்பித்தால் ஊரை ஏமாற்றுவது எவ்வளவு சுலபம்! 1978 ஆண்டறிக்கையை முடிக்க முப்பத்தொரு நாள் கொழுந்து தேவைப்பட்டது. ஜனவரி முழுவதையும் முன்கூட்டியே எழுதிக் கையொப்பமும் வைத்தார்.

பிரான்சிஸ்கா நிறைமாதமாக இருந்ததை அவர் மறக்கவில்லை. நாள்கள்தான் வராது, பிள்ளை வராமலா போகும் என்று நினைத்தார். பெப்ரவரி முதலாம் தேதி காலையில் அவள் பக்கத்தில் ஒரு ஆண்பிள்ளை கிடந்தது, தொப்புள்கொடி விழுந்து காய்ந்து, பதினைந்து நாள் பிள்ளையாக. மருத்துவிச்சிக்கு ஒன்றும் தெரியவில்லை. பிள்ளை அழவில்லை, சிரிக்கவில்லை, பாலுக்கு வாய் திறக்கவும் இல்லை. கூரையையே பார்த்துக்கொண்டிருந்தது.

"யாரு பெத்த புள்ளயோ மாதிரி இருக்குப்பா," என்றாள் பிரான்சிஸ்கா. "தூக்குனா கையில கனமே இல்ல."

தோட்டத்துப் பிறப்புகளை ஆபீசிலிருந்து எழுதிப் பதுளைப் பதிவாளருக்கு அனுப்புவது வழக்கம். எழுதுகிறவர் பெரிய கிளாக்கர். பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளையை இந்தியாவும் ஏற்காது, இலங்கையும் ஏற்காது என்பது லயத்தில் எல்லாருக்கும் தெரியும். எட்வர்ட் படிவத்தை விரித்து ஜனவரி பதினாறு என்று எழுதினார், மை காய்வதற்குள் எழுத்து மறைந்தது. பத்து, பன்னிரண்டு, இருபது என்று போட்டுப் பார்த்தார். இல்லாத மாதத்தின் எந்தத் தேதியும் தாளில் நிற்கவில்லை. பெப்ரவரி ஒன்று என்று போட்டபோது மட்டும் மை நின்றது. அன்று மாலை பிள்ளை இன்னும் இலேசாகிவிட்டதாக வீட்டிலிருந்து ஆள் வந்து சொன்னான். அந்தப் படிவத்தைக் கிழித்துப் போட்டார். பத்து நாள்களில் பிள்ளையின் உடம்பு வழியாகத் தொட்டில் சீலையின் பூக்கள் தெரிய ஆரம்பித்தன.

எட்வர்டின் மனைவி மரியகொரட்டி ஒருபோதும் ஆபீஸ் படி ஏறியதில்லை. அன்று ஏறினாள். "நீங்க எழுதித் தின்ன மாசத்துலதாங்க என் பேரப்புள்ள பொறந்திருக்கு," என்றாள். "அத வெளிய எடுங்க."

"எடுத்தா கீழ் டிவிசன மூடிருவாங்க. நம்ம மகளும்தான் போகணும்."

"போகட்டுமே. புள்ளையோட போவா."

பெப்ரவரி பன்னிரண்டாம் தேதி எட்வர்ட் பகல் முழுவதும் உட்கார்ந்து இரண்டரை வருடத்துக் கணக்கையும் சிவப்பு மையால் வெட்டித் திருத்தினார். உண்மையான நட்டத்தை எழுதி, கையொப்பமிட்டு, கொழும்புக்குத் தபாலில் சேர்த்தார். தபாலாபீஸ் பெஞ்சிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.

மறுநாள் ஊமைக்கல்லில் ஜனவரி முதலாம் தேதி விடிந்தது. தொட்டில் காலியாக இருந்தது, பிரான்சிஸ்காவின் வயிறு நிறைந்திருந்தது. செடிகளில் கொழுந்து முழங்கையளவு எழும்பி நின்றது. பெண்கள் ஒரு நாளும் விடாமல் முழுப்பேர் வாங்கினார்கள், பொங்கலும் வைத்தார்கள். பதினாறாம் தேதி செவ்வாய்க்கிழமை மூட்டையோடு வந்த ஜுனைதீன், ஊரில் இன்றைக்குப் பெப்ரவரி இருபத்தெட்டு என்றார். இங்கே ஜனவரி பதினாறு என்றார்கள். "எனக்கென்ன, சீல ரெண்டு மாசத்துலயும் ஒரே வெலதான்," என்று மூட்டையைப் பிரித்தார். அப்போது லயத்துக்குள்ளிருந்து பிரான்சிஸ்காவின் அலறல் கேட்டது. பதினெட்டு மணி நேரமாக வலி. எட்வர்ட் வாசலில் நின்றார். மாலை நாலு மணிக்குப் பிள்ளை பிறந்து, கீழ் டிவிசன் முழுக்கக் கேட்கும்படி கத்தியது.

மாதம் முடிவதற்குள் கொழும்பிலிருந்து மூன்று கடிதங்கள் வந்தன. ஆண்டறிக்கை ஏற்கெனவே அச்சாகி மந்திரி கைக்குப் போய்விட்டதால் அதில் இலாபம் இலாபமாகவே இருக்கும் என்றது ஒன்று. இன்னொன்றில் எட்வர்டுக்கு வேலை போயிற்று. மூன்றாவது, கீழ் டிவிசனை மூடியது. காப்பாற்றினார் என்று சொல்ல அவருக்கு யாரும் மிச்சமில்லை. லயத்து ஆட்கள் அவர் முகத்தைப் பார்ப்பதை விட்டார்கள்.

நாற்காலியை ஒப்படைக்கும் முன் கடைசியாகப் படிவத்தில் ஜனவரி பதினாறு என்று எழுதினார், மை நின்றது; எழுதிய கையோடு அவரே பதுளைக்குக் கொண்டுபோனார். பதிவாளர் தேதியைப் பார்த்தார், தோட்டத்தின் பெயரைப் பார்த்தார். "ஊமைக்கல்லா? ஒங்களுக்கு இப்பத்தானே ஜனவரி முடிஞ்சிருக்கும்," என்று சொல்லி முத்திரை குத்தினார். எட்வர்ட் திரும்பி வந்தபோது கீழ் டிவிசனில் லொறிகள் புறப்பட்டுக்கொண்டிருந்தன. கடைசி லொறியில் பாத்திர மூட்டைகளுக்கு நடுவே பிரான்சிஸ்கா பிள்ளையை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தாள். அவர் பத்திரத்தை எட்டிக் கொடுத்தார். அவள் அதை வாங்கி இரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, கனத்த பிள்ளையை மறு கைக்கு மாற்றினாள்.